மாமாவைக் காணாமல் ஆக்கிய சிஸ்டம் இன்சார்ஜ்

கம்ப்யூட்டர் மேல் பழி போடுகிறவர்களை நம்பாதீர்கள். பல வருடமாகப் போட்டு வந்தவன் சொல்கிறேன். அது நான் சொன்னதைத்தான் செய்தது; அதுதான் வினையே.

அப்போது தென்காசியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் சிஸ்டம் இன்சார்ஜாக இருந்தேன். (பட்டம் நானே சூட்டிக்கொண்டது. முதலாளி அண்ணாச்சி "ஏ கம்ப்யூட்டர்" என்றுதான் கூப்பிடுவார்.) குற்றாலத்தில் எங்களுக்கு ஒரு கிளை. இரண்டு கடையிலும் ஒவ்வொரு சர்வர். ஒன்றில் போடும் படம் தானாக மற்றதற்கும் போய்விடும். ஒன்று படுத்துக்கொண்டாலும் இன்னொன்றில் படம் பத்திரம். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ரெப்ளிகேஷன்.

சீசன் கூட்டத்தில் டிஸ்க் நிரம்பி வழிந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க, இரட்டைப் படங்களை நீக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைத் தென்காசி சர்வரில் இறக்கினேன். இதை டீடூப்ளிகேஷன் என்பார்கள். நல்ல சாஃப்ட்வேர் என்றால் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதைத்தான் தொடும். நான் பிடித்தது இலவசச் சரக்கு. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். எவ்வளவு சாயல் இருந்தால் போதும் என்று என்னிடம் கேட்கவும் செய்தது. லேசாக இருந்தால் போதும் என்று தாராளமாக விட்டேன்.

மறுநாள் பார்த்தால் டிஸ்க் பழையபடி நிறைந்திருந்தது. தென்காசி சர்வர் அழித்ததையெல்லாம், ஐயோ பாவம் தொலைத்துவிட்டது என்று குற்றாலம் சர்வர் திருப்பி அனுப்பியிருந்தது. இது பெருக்கித் தள்ள, அது அள்ளிக் கொட்ட, மூன்று நாள் இதே கூத்து. லைன் திணறி ஒரு படம் பிரிண்ட் போட முடியவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. நான்காம் நாள் நாட்டாமை செய்தேன். தென்காசியில் இல்லாதது குற்றாலத்திலும் இருக்கக் கூடாது என்று மாற்றிவிட்டேன். சண்டை ஓய்ந்தது, பாதி டிஸ்க் காலி. அண்ணாச்சி பார்டர் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். வெட்கமில்லாமல் நாலு தின்றேன்.

அந்த வாரம்தான், எங்கள் ஸ்டூடியோவே எடுத்து சர்வரில் போட்டிருந்த என் அக்கா கல்யாணப் படங்களை வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். கடையத்திலிருந்து தாய்மாமா வந்திருந்தார். அவர் மகள் கல்யாணியை எனக்குக் கேட்க அம்மா நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ கல்யாணி என்றால் உயிர்.

மாமா முதல் தடவை சிரித்துக்கொண்டே பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நா போட்ட மால கெடக்கு. போட்ட ஆளக் காங்கலையே."

ஒவ்வொரு படமாகத் திருப்பிப் பார்த்தேன்; மாமா ஒன்றில்கூட இல்லை. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அத்தை மகன், மாமன் மகள் என்று உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டதில் எல்லோருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை, ஒரே வழுக்கை. போதாக்குறைக்கு அன்று மேடையில் அப்பாவும் மாமாவும் வெள்ளைச் சட்டை. இருவரும் ஒருவரே என்று முடிவுகட்டிய சாஃப்ட்வேர், அப்பாவை வைத்துக்கொண்டு மாமாவைத் தூக்கிவிட்டது. என் நாட்டாமையால் குற்றாலத்திலும் ஆள் இல்லை. கேமரா கார்டுகளை, இரண்டு இடத்தில் இருக்கிறதே என்ற தைரியத்தில், நானே துடைத்து வைத்திருந்தேன். வீட்டிலிருந்தவர்கள் போன்களைத் துழாவினார்கள். எல்லாவற்றிலும் அவரவர் முகம்தான் இருந்தது.

இரண்டு காப்பி டம்ளர்களைச் சர்வராக வைத்து மாமாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ ஒங்கப்பாவும் நானும் ஒண்ணு. ஒருத்தன் போதும்னு என்னத் தூக்கிட்ட."

"நான் இல்ல மாமா, சாஃப்ட்வேர்."

"சாஃப்ட்வேருக்கா நா பொண்ணு குடுக்கப் போறேன்?"

சாப்பிடாமல் கடையம் பஸ் ஏறிவிட்டார். தாய்மாமன் கை நனைக்காமல் போவது எங்கள் பக்கம் லேசுப்பட்ட விஷயமில்லை. அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள். கல்யாணிக்குப் போன் போட்டேன். "தன்னையே காணாம ஆக்குனவனுக்கு என்னக் குடுக்க மாட்டேன்னு அப்பா சொல்லுதாவ. எனக்கும் அது நியாயமாத்தான் படுது" என்றாள்.

நாலு தடவை கடையம் போனேன். காலில் விழாத குறை. ஐந்தாவது தடவை மாமா இறங்கி வந்தார். எங்கள் கல்யாணத்தில் அவர் இல்லாத படம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று மண்டையை ஆட்டினேன்.

மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. தாலி கட்டும் படத்தில் எங்கள் இரண்டு தலைக்கும் நடுவே அவர் மீசை. குற்றாலத்தில் அருவிக்கு முன்னால் புதுமணத் தம்பதி எடுத்துக்கொண்ட படத்தில் என் கையைப் பிடித்திருப்பவர் மாமா. கல்யாணி அவருக்கு அந்தப் பக்கம். அதைத்தான் பெரிதாக்கிப் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். வேறு இடத்துக்கு மாற்றலாமே என்று எப்போதாவது மெல்ல ஆரம்பிப்பேன்.

"இன்னொரு தடவயும் எங்கப்பாவத் தூக்கப் போறியளோ?" என்பாள்.

நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.