சனிக்கிழமை ஊசி

மருத்துவர்களில் 'எதுக்கும் இருக்கட்டும்' என்றொரு இனம் உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார். எங்கள் கொல்லிமலையில் இருப்பவர் செம்மேட்டில் பத்துக் கட்டில் போட்ட ஆஸ்பத்திரியின் டாக்டர் முருகானந்தம். சளியா? ஆண்டிபயாடிக். வயிற்றுப்போக்கா? ஆண்டிபயாடிக். மிளகு பறிக்க ஏணியேறி விழுந்து கை பிசகியவருக்கு? கொஞ்சம் யோசிப்பார், யோசித்துவிட்டு ஆண்டிபயாடிக்.

சனிக்கிழமை மதியமானால் அவருக்குக் கருணை பொங்கும். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல்லில் வீடு சேர வேண்டும். ஞாயிறு கோழிக் குழம்பில் கை வைக்கிற நேரம் பார்த்து யாருக்கோ காய்ச்சல் என்று போன் வந்துவிடக் கூடாது. ஆகவே காரைக் கிளப்புமுன் கட்டில் கட்டிலாகப் போய், கிருமி உள்ளவர் இல்லாதவர் என்ற பாரபட்சமே பாராமல், எல்லோருக்கும் ஆண்டிபயாடிக் ஊசி எழுதிவிட்டுத்தான் இறங்குவார். திங்கட்கிழமை வந்து நிறுத்துவாரா? அதெல்லாம் மறந்துபோகும்.

அரியூர் நாட்டு மலைக்கிராமத்து அத்தாயி இந்த வருஷம் மூன்று முறை வெறும் சளிக்கு அங்கே ஊசி வாங்கிப் போனவள். நாலாவது முறை சிறுநீர்த் தொற்றோடு குளிர் நடுக்கத்தில் வந்தாள். அன்றும் சனிக்கிழமை.

"சார், ஊசிக்கு முந்தி யூரின் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிரலாமுங்களா? எந்தக் கிருமின்னு தெரிஞ்சிருமுங்க" என்றாள் நர்ஸ் மைதிலி.

"கீழ போயி ரிசல்ட் வர மூணு நாளாகும்மா. பெரிய ஊசியாப் போடு. எதுக்கும் இருக்கட்டும்."

அத்தாயியின் மகன் காளியண்ணனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "ஆமாங்க சாமி, நல்லா பவரான ஊசியாப் போடுங்க!"

ஐந்தாம் நாளும் காய்ச்சல் இறங்காதபோதுதான் சிறுநீர் பாட்டில் பஸ் ஏறியது. வந்த ரிசல்ட்டில் எட்டு மருந்துகள். வேண்டாத ஊசிகளிலேயே பழகித் தேறிய கிருமி; ஏழு மருந்து அதைத் தொடாது. எட்டாவது சேலத்தில் கிடைக்கலாம். அதற்குள் அத்தாயியின் சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தது.

"ஏனுங்க, எங்கம்மா பொழச்சுக்குமுங்களா?"

டாக்டர் பேனாவை மூடினார். இங்கே இருக்கிற மருந்தில் எழுத ஒன்றுமில்லை.

அவரைத் திட்டுகிறீர்களா? தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் போன மாதம் உங்கள் பிள்ளைக்கு மூக்கொழுகியபோது, "மருந்தே வேண்டாம், தானா சரியாயிரும்" என்ற டாக்டரை, "இவருக்கு ஒண்ணும் தெரியல" என்று விட்டுவிட்டு உடனே ஊசி போடுகிற அடுத்த தெரு டாக்டரிடம் போனீர்களே, இந்த இனம் எதைத் தின்று வளர்கிறது என்று நினைத்தீர்கள்?