அன்ரெனா அண்ணையும் சரோசா அன்ரியின் சுவரும்

கனடாவில் வயர் இல்லாமல் இன்ரர்நெற் பார்த்த முதல் தமிழன் யார் என்று என்றைக்காவது ஒரு பட்டிமன்றம் நடந்தால், நான் மேடையேறி அன்ரெனா அண்ணையின் பெயரைத்தான் சொல்வேன். யாராவது மறுத்துப் பேசினால் சண்டைக்கும் போவேன். ஆதாரம் என்று கேட்டால் என்னிடம் இருப்பது ஒரு பழைய கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி மட்டும்தான்.

பெயர் என்றால் பட்டப்பெயர். அவருடைய உண்மைப் பெயர் மிக நீளம். கடிதங்களில் ஒட்டி வரும் லேபிளில் பாதிப் பெயரோடு இடம் முடிந்துவிடும், மிச்சப் பாதியை நான் கேட்டதில்லை. ஸ்காபரோ மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த பதினோராம் மாடிப் பல்கனியில், உடுப்புக் கொழுவும் கம்பிகளை வளைத்துக் கட்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் ஓடிக்கொண்டிருந்த ரிவியை இந்தப் பக்கம் இழுத்து எடுத்தவர் அவர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்பரின்ரென்டன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்பார்ட்மென்றில் கோழி வளர்க்க அனுமதி இல்லை என்று கடிதம் அனுப்பினான். அன்றிலிருந்து அவர் அன்ரெனா அண்ணை.

வீடு சரோசா அன்ரியுடையது. அதாவது வாடகைப் பத்திரத்தில் அவருடைய கையெழுத்து. அங்கிளுக்கு ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவரைப் பார்த்ததைவிட வாசலில் கிடக்கும் அவருடைய பனிச் சப்பாத்தை நாங்கள் பார்த்ததுதான் அதிகம். முன் அறை அவர்களுக்கு, கடைசி அறை அண்ணைக்கு, ஹோல் மூலையில் ஒரு மெத்தை எனக்கு. நான் அப்போது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, உலகம் முழுவதன் மேலும் கோபமாக இருந்தேன்.

அண்ணை ஊரில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பெரிய ரெக்னீசியன். இங்கே டோனட் தொழிற்சாலையில் பெட்டிக்கு மூடி போடுகிற வேலை. விண்ணப்பித்த இடமெல்லாம் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். டோனட்டுக்கு மூடி போட்ட எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறது என்று ஓரிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். கொழும்பில் ஒரு வாடகை அறையில் அவருடைய மனைவியும் மகளும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட ஒரு வீடு வேண்டும், வீடு எடுக்க ஒழுங்கான வேலை வேண்டும். அவருடைய தலைக்குள் எந்நேரமும் ஓடியது இந்தக் கணக்குத்தான்.

அவரிடம் இரண்டு கொம்பியூட்டர்கள் இருந்தன. இரண்டும் யாரோ குப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனவை. இரண்டிலும் லினக்ஸ் போட்டிருந்தார், நூலகத்தில் எடுத்த ஒரு தடித்த புத்தகத்தோடு வந்த சீடியில் இருந்து.

"ஏன் அண்ணை, ஊர் உலகம் பாவிக்கிறதைப் பாவிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"தம்பி, உது பழுதானா, ஏன் பழுதெண்டு சொல்லும். மற்றது 'ஐ ஆம் சொறி' எண்டு மட்டும் சொல்லும்."

பழுது பார்ப்பதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றலாம். மாற்றியதை உடனே கொப்பியில் எழுத வேண்டும். எழுதாமல் மாற்றுபவன் அவருடைய கணக்கில் களவெடுப்பவன். கொம்பியூட்டரோடு மட்டும் பெரிய மரியாதையாகப் பேசுவார். "என்ன ராசா, உமக்கு எங்கை நோகுது?" என்பார். என்னிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

போன் லைன் ஹோலில்தான் இருந்தது. ஹோல் கொம்பியூட்டர் போன் வழியாக இன்ரர்நெற்றைப் பிடிக்கும். அங்கிருந்து கடைசி அறைக் கொம்பியூட்டருக்கு, கார்ப்பெற்றின் மேலே நீளமாக ஒரு வயர் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரி சொதிச் சட்டியோடு வந்து அதில் தடக்குப்பட்டார். அன்ரி விழவில்லை, சொதி விழுந்தது.

"இனி இந்த வீட்டுக்குள்ளை ஒரு வயரைக் கண்டனெண்டா, வயரோடை நீரும் வெளியிலை!"

கார்ப்பெற்றின் மஞ்சளைத் துடைத்துக்கொண்டே அண்ணை சொன்னார்: "அன்ரி சொல்லுறது சரிதான். வயர் என்னத்துக்கு?"

அந்தக் கிழமையே பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. பண்டசாலைகளில் கொம்பியூட்டர்களை வயர் இல்லாமல் இணைக்கத் தெரிந்த ஆள் தேவை, லினக்ஸ் தெரிந்தால் நல்லது. தொண்ணூறுகளின் கடைசியில் இப்படி ஒரு வேலை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணை போன் எடுத்தார். கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் என்ற சொல் அந்தப் பக்கம் புறப்படுவதற்கு முதலே, என்னுடைய வீட்டில் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்று இங்கிலீசில் சொல்லிவிட்டார். முதலாளி சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னார். போனை வைத்த பிறகுதான் அண்ணைக்கு வியர்த்தது. வீட்டில் அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

"அன்ரிக்குச் சொல்லிப்போடாதையும்," என்றார் என்னிடம். "கிடைச்சாப் பிறகு சொல்லுவம். கிடைக்காட்டி அவவும் சேர்ந்தெல்லே கவலைப்படுவா."

ஸ்பாடினாப் பக்கம் பழைய சாமான் விற்கும் கடையில் இரண்டு வயர்லெஸ் கார்டுகள் வாங்கி வந்தார். டோனட் வேலை மூன்று மணிக்கு முடியும். மூன்றரைக்கு அவர் கொம்பியூட்டர் முன்னால் இருப்பார். திங்கட்கிழமை, கார்டு செருகப்பட்டிருப்பதையே கொம்பியூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை ஒத்துக்கொண்டது, ஆனால் பாட்டுக் கேட்கிற சவுண்ட் கார்டும் இதுவும் ஒரே இடத்துக்கு அடிபட்டன. அண்ணை சவுண்ட் கார்டைக் கழற்றி என் கையில் தந்தார்.

"இனிப் பாட்டில்லையே அண்ணை?"

"வேலை கிடைக்கட்டும். நானே பாடுறன்."

அவர் பாடினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை கிடைக்க வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

புதன்கிழமை ஹோலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, கறுப்புத் திரையில் எழுத்துகள் வரிவரியாக ஓடின. ஒரு கொம்பியூட்டர் கூப்பிட, மற்றது பதில் சொல்லியது. அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி அறையில் வைத்தோம். பேச்சு மூச்சில்லை.

வியாழக்கிழமை அண்ணைக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தது. இரும்பு, பித்தளை எது இருந்தாலும் சிக்னலைக் குடிக்கும் என்றார். என் கதவுத் திறப்புக் கோர்வையும் சாப்பாட்டு ரின்னும் வெளிக் கொரிடோருக்குப் போயின. அங்கிள் நிறை பார்க்கும் தராசு போனது. சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த குத்துவிளக்கைத் தூக்கப் பார்த்தார், நான் காலைப் பிடித்துத் தடுத்தேன். கடைசியில் அவருடைய பார்வை அன்ரியின் கையில் போய் நின்றது.

"அன்ரி, உந்தக் காப்பைக் கொஞ்ச நேரம் கழட்டி வைக்கேலுமே?"

அன்ரி கையிலிருந்த அகப்பையை மெல்லக் கீழே வைத்தார். "என்ரை மனுசன் குத்துக்கல்லு மாதிரி உயிரோடை இருக்கேக்கை, என்னைக் காப்பைக் கழட்டச் சொல்லுறீரோ?"

அன்று பின்னேரம் அண்ணை அறைக்குள்ளேயே இருந்தார். கொப்பியில் 'காப்பு: பரிசோதிக்க முடியவில்லை' என்று எழுதியிருந்ததை நான் பிறகு பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அன்ரி கோயிலுக்குப் போனதும் அண்ணை ஓடிப்போய், யாரோ லொபியில் விட்டுவிட்டுப் போன சுப்பர்மார்க்கெற் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். அறைக் கொம்பியூட்டரை அதற்குள் இறக்கி, மொனிட்டரைப் பிள்ளை இருக்கிற இடத்தில் இருத்தி, தடைசெய்யப்பட்ட நீள வயர் ஒன்றால் மின்சாரம் கொடுத்தோம். நான் தள்ள, அவர் திரையில் சிக்னலின் இலக்கத்தை வாசித்தார். ஹோலில் நல்ல இலக்கம். அங்கிளின் சப்பாத்தடியில் நல்ல இலக்கம். நடையில் திரும்பிக் குசினியைத் தாண்டி அறைக்குள் நுழைந்ததும் பூச்சியம்.

அண்ணை நிமிர்ந்து குசினியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு வருடமாகத் தினமும் பார்த்த சுவர்தான்.

ஸ்காபரோத் தமிழ் வீடுகளில் குசினி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாளிக்கிற எண்ணெய் சுவரில் பட்டு, வீட்டுக்காரன் குறை பிடிக்கக் கூடாது என்று, அடுப்புக்குப் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள். அன்ரி அடுப்படியோடு நிற்பவர் அல்ல. நிலத்திலிருந்து கூரை வரைக்கும் ஒட்டியிருந்தார். சித்திரை வருசத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை, பழையதைக் கழற்றிப் புதுத் தாள். அந்தப் பளபளக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அண்ணையின் அறை.

"கிழிச்சுப்போடுவம் அண்ணை. அன்ரி வாறதுக்குள்ளை," என்றேன்.

"சும்மா இரும். அது அவவின்ரை சுவர். கேக்காமல் கை வைக்கிறதே?"

கேட்பதற்கு வாய்ப்பு உடனேயே வந்தது. கதவு திறந்து, அன்ரி திருநீற்றோடு உள்ளே வந்தார். நடையில் வண்டில், வண்டிலுக்குள் கொம்பியூட்டர், கார்ப்பெற்றில் வயர். அண்ணை எழுந்து நின்று, அலுமினியத் தாளைக் கழற்றலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்ரி கொடுத்த பதிலை இங்கே முழுவதும் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். சாரம் இதுதான்: உம்முடைய விளையாட்டுச் சாமானுக்காக நான் என் சுவரைப் பழுதாக்க முடியாது.

அண்ணை வயரைச் சுருட்டினார். பிறகு ஹோலுக்குப் போய்ப் போனை எடுத்து இலக்கங்களை அழுத்தத் தொடங்கினார்.

"உவர் இப்ப ஆருக்கு எடுக்கிறார்?" என்று அன்ரி என்னைக் கேட்டார்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. "வேலைக்கு அன்ரி. நாளைக்கு ஒரு முதலாளி இதைப் பாக்க வாறதாச் சொன்னவர். வரவேண்டாமெண்டு சொல்லப்போறார்."

அன்ரி விறுவிறென்று நடந்துபோய்ப் போனை விரலால் அமத்திக் கட் பண்ணினார். "பெண்சாதி பிள்ளை வாற அலுவலை வாய் திறந்து சொன்னா, உமக்கு முத்து உதிர்ந்துபோமோ? இவ்வளவு நாளும் நீர் விளையாடுறீர் எண்டெல்லே நினைச்சன்!" திரும்பிக் குசினிக்குள் போனார். சுவரில் இருந்த தாளை மேலிருந்து கீழாக ஒரே இழுவையில் கிழித்தார். வண்டிலோடு அறைக்குள் ஓடிய அண்ணை அங்கிருந்து கத்தினார், இலக்கம் வந்துவிட்டதாம். அன்று மாலை மூன்று பேரும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை சரியாகப் பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி. அண்ணை அவரைக் கடைசி அறையில் இருத்தி, ஹோல் வழியாக இன்ரர்நெற் வருவதைக் காட்டினார். ஒரு பக்கம் திறந்தது. இன்னொரு பக்கமும் திறந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. அண்ணை மறுபடி அழுத்தினார். அசையவில்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணை திரையைப் பார்க்கவில்லை. மூக்கை உயர்த்தி மணந்தார். எனக்கும் மணந்தது. உழுந்து வடை.

நான் குசினிக்கு ஓடினேன். அன்ரி அடுப்படியில் நின்று வடை சுட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் தெறிக்காமல் இருக்க, சுவரில் கூரை வரைக்கும் புத்தம் புதிய அலுமினியத் தாள்.

"அன்ரி!"

"என்ன? வேலை தர வந்த மனுசனுக்கு வெறும் தேத்தண்ணியே குடுக்கிறது?" என்றார். அடுத்த கணம் என் முகத்தைப் பார்த்து, தாளைப் பார்த்து, தலையில் கை வைத்துவிட்டார். "ஐயோ, நாசமறுப்பாளே, என்ன செய்துபோட்டன்!" அது தனக்குத்தானே.

பின்னால் அண்ணை வந்து நின்றார். முதலாளியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் பயந்ததுபோல அண்ணை பதறவில்லை. கொப்பியைத் திறந்து, இந்தச் சுவர்தான் காரணம், நேற்றுக் கண்டுபிடித்தோம் என்று இலக்கங்களைக் காட்டினார். அன்ரி தாளைப் பிடித்திழுக்கப் போனார்.

"வேண்டாம் அன்ரி. நீங்கள் வடையைப் பாருங்கோ. எனக்கு ஒரு முழம் தாள் மட்டும் தாங்கோ."

அந்தத் தாளைக் குசினியில் கிடந்த ஒரு வெறும் கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியில் சுற்றினார். ஹோல் முடிந்து நடை திரும்புகிற மூலையில், வெளிக்கதவடியில் கிடந்த அங்கிளின் பனிச் சப்பாத்தில் சாய்த்து வைத்தார். கொஞ்சம் திருப்பினார். ஒவ்வொரு திருப்பத்தையும் கொப்பியில் எழுதினார். நான் அறைக்குள் நின்று இலக்கம் வாசித்தேன். பூச்சியம், பூச்சியம், நாலு, பதினொன்று. சுவருக்குள்ளால் போகமுடியாத சிக்னல், பெட்டியில் பட்டுத் திரும்பி அறை வாசல் வழியாக உள்ளே வந்தது. நின்றுபோன மூன்றாவது பக்கம் முழுவதும் திறந்தது.

முதலாளி ஹோலில் இருந்துகொண்டு நாலு வடை சாப்பிட்டார். ஓடுவதைப் பார்க்கத்தான் வந்தேன், நின்றதைப் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று என்றார். பண்டசாலைகளில் இதைவிடப் பெரிய தகரச் சுவர்கள் இருக்கின்றன, திங்கட்கிழமை வாருங்கள் என்றார். கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் பற்றிக் கேட்கவே இல்லை. ஐந்தாவது வடை இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

அன்று பின்னேரம் அண்ணை சொன்னபடி பாடினார். சகித்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்து சேர, அண்ணை வோபர்னில் வீடெடுத்துப் போனார். போகிற அன்று எனக்குக் கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியைத் தந்தார். பிறகு குசினிக்குள் போய், பழைய தாளைக் கழற்றி, மூலைமட்டம் வைத்து அளந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் அன்ரியின் சுவர் முழுவதும் புதுத் தாள் ஒட்டிக் கொடுத்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. சாமான் ஏற்றிய வண்டிலைத் தள்ளிக்கொடுத்ததோடு நின்றுவிட்டேன்.

தீபாவளி வந்தது. சித்திரை வருசமும் வந்தது. தாள் எண்ணெய் பட்டு மங்கி, அடுப்படியில் கறுத்தும்விட்டது. மாற்றவில்லையா என்று அன்ரியைக் கேட்டேன்.

"கிடக்கட்டும் தம்பி," என்றார். "அது அவர் ஒட்டினதெல்லே."