ரிஜக்ட் அண்ணா பாஸ் பண்ணிய பேட்டரி

ரிஜக்ட் அண்ணாவின் கையில் பாஸான பொருள் என்று இந்தப் பூமியில் எதுவுமே கிடையாது. ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் தோல் சோதிப்பது அவர் வேலை. தோலை வெளிச்சத்தில் விரிப்பார், மோந்து பார்ப்பார், மடித்துப் பார்ப்பார், முள் கீறிய தழும்பைக்கூட விடாமல் சாக்பீஸால் வட்டம் போடுவார். பிறகு, பெற்றவர்களுக்குச் சாவுச் செய்தி சொல்கிற குரலில், "ரிஜக்ட்" என்பார். சில நாள் வட்டங்களுக்கு நடுவே தோல் இருக்கிறதா என்று நாங்கள்தான் தேட வேண்டும்.

பழக்கம் கம்பெனி வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேன்டீன் இட்லியை விரலால் அமுக்கி, அது எழும்பி வரும் லட்சணத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளுவார். ஆராதனை முடிந்து போதகர் கையைக் குலுக்கும்போது, "பிரசங்கத்துல ரெண்டு ஓரமும் நல்லா இருந்திச்சு ஐயா, நடுவுலதான் தொளதொளன்னு போச்சு" என்பார். மகள் பியூலாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வாசலில் ஷூவைக் கழற்றினான். இவர் அதைத் திருப்பிப் பார்த்து, ஒட்டுப் பிரிந்த இடத்தில் வட்டம் போட்டுவிட்டு, உள்ளே வந்து காபி கொடுத்தார். அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. பியூலா குவைத்துக்கு நர்ஸாகப் போய்விட்டாள்.

அண்ணாவின் மனைவியை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் பாஸ் பண்ணிய ஒரே ஆள் டீச்சர்தான் என்போம். "நான் எங்க பாஸ் பண்ணேன், அவதான் என்னய பாஸ் பண்ணா" என்பார்.

அந்த டீச்சருக்கு ஈரலில் புற்று வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தைக் கொடுத்தபோது அண்ணா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "டாக்டர், இது நம்ம டீச்சரோடது இல்ல. லாட்டு மாறிப்போச்சு." டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

டீச்சர் கேட்டது ஒன்றுதான். "பியூலா மூஞ்சிய ஒருவாட்டி பாத்துட்டா போதும்." பியூலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசலாம் என்றால், அவளுக்கு ஒழிகிற நேரம் ஞாயிறு பொழுது சாய்ந்த பிறகுதான். அது மின்வெட்டுக் காலம்; எங்கள் ஊரில் அந்த நேரம் கரண்ட் கிடையாது.

இங்கேதான் நான் வருகிறேன். எம்.ஏ. இலக்கியம் படித்துவிட்டு ஏற்றுமதி பில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஒரே மேதை. ஆபீஸ் கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. பிளக்கில் செருகியிருக்கும்வரை அது லேப்டாப், பிடுங்கினால் பலகை. பேட்டரி செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

வேறு பேட்டரி வாங்க நானும் அண்ணாவும் வேலூருக்குப் பஸ் ஏறினோம். முதல் கடையில் லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது: ரிஜக்ட். அடுத்த கடையில் மூடி விளிம்பில் நகம் போகிறது: ரிஜக்ட். பேட்டரியை அவர் மோந்து பார்த்ததும் மூன்றாவது கடைக்கார பாய் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இன்னா பெரியவரே, பேட்டரிய போய் மோந்து பாக்குறீங்க?"

"மருந்து வாட ஜாஸ்தியா இருக்கு பாய்."

"அது புது சரக்கு. போன வாரந்தான் வந்திச்சு."

"அதான் வேணாங்கிறேன். பழசு இருந்தா காட்டு."

பதனிட்ட தோலை அடுக்கிப் போட்டுக் கிடக்கவிடுவார்கள். கிடந்தால்தான் அது இறுகி நிற்கும். அண்ணா ஆயுள் முழுக்கக் கற்றது அது. மேல் தட்டில் தூசி படிந்த பெட்டி ஒன்றைக் கைகாட்டினார்.

"அது ரொம்ப நாளா கிடக்குது பெரியவரே. அப்பறம் என் மேல பேஜார் பண்ணக்கூடாது."

"கிடந்ததுதான் நிக்கும் பாய். குடு."

பெட்டியைத் திறந்து தடவினார், தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "பாஸ், தம்பி" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்ட திகைப்பில் நான் பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தடுத்துச் சொல்லப் பேட்டரியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பது வேறு விஷயம். சும்மா கிடந்தாலே பேட்டரி செத்துக்கொண்டிருக்கும் என்று பிற்பாடுதான் படித்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. இன்னொரு ஞாயிறு டீச்சருக்கு வாய்க்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தேன். டேட்டா கார்டைச் செருகினேன். கரண்ட் போனது; திரை அணையாமல் நின்றது. அண்ணா என் முதுகில் தட்டினார். பியூலாவின் முகம் கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தது.

"ஒடம்பு எளச்சிட்டியேடி" என்றார் டீச்சர், மஞ்சள் பூத்த எலும்புக்கூடாகக் கிடந்துகொண்டு.

"நீ எனக்குத் தெரியலம்மா, இங்க கறுப்பா இருக்கு, கொஞ்சம் இரு, வந்துரும்" என்றாள் பியூலா. அவள் படம் எங்களுக்கு வந்துவிட்டது. எங்கள் படம் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் திரை அணைந்தது. நான் எந்தெந்தப் பொத்தானையோ அமுக்கினேன். லேப்டாப் மறுபடி பலகையாகிவிட்டது.

இருட்டில் அண்ணாவின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, நான் அம்மாவ பாக்கவே இல்லியேப்பா. எப்டி இருக்காங்க?"

அண்ணா கட்டில் பக்கம் திரும்பினார். "தல வாரி, நீ அனுப்புன நீலப் பொடவ கட்டியிருக்கா. கன்னந்தான் கொஞ்சம் ஒட்டி..." நிறுத்தினார். "இல்ல, ஒட்டல. நல்லா இருக்கு."

"செவப்பா இருக்காங்களா? மஞ்சளா இருக்காங்களா?"

"மஞ்சளா? எவன் சொன்னான்? உங்கம்மா தோலு அப்டியே பளபளன்னு கீது. ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல."

கட்டிலிலிருந்து இருமலும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது.

"அம்மா சிரிக்கிறாங்களாப்பா?"

"ஆமாம்மா. இங்கதான் பாத்துக்கினே இருக்கேன்."

அறை முழு இருட்டு. என் சட்டைப்பையில் இருந்த செல்போனில் டார்ச் உண்டு. நான் அதைப் போடவில்லை.