நானே செய்து பார்த்தேன்

இணையத்தில் ஒரு தமிழ்க் கணினிக் குழு. உலகத்தில் எந்தத் தமிழனின் கொம்பியூட்டர் படுத்தாலும் அங்கே வந்து அழுவான். அவன் கண்ணீர் காயுமுன் பதில் போடுபவன் 'கண்டிப் பரமநாதன்', அதாவது அடியேன். பதிலின் கடைசியில் எப்போதும் ஒரு வரி: 'நானே செய்து பார்த்தேன்.'

எங்கே செய்து பார்த்தேன்? கனவில்தான். பின்னேரங்களில் ஹந்தானை மலையிலிருந்து மூடுபனி இறங்கி, ஜன்னலால் உள்ளே வரும். அதில் நான் மெல்ல மிதப்பேன். கீழே ரொறன்ரோவும் ஒஸ்லோவும் கைகூப்பி நிற்கும். "ஐயா, எங்கள் பிரிண்டருக்கு உயிர் கொடுத்தீர்களே!"

"என்னப்பா, வாயைத் திறந்துகொண்டு எங்கை பாக்கிறியள்? தேத்தண்ணி ஆறுது."

மனைவி மங்களேஸ்வரி. ரொறன்ரோ மறைந்துவிட்டது.

"உதெல்லாம் செய்து பாத்தே சொல்லுறனீங்கள்?"

"வெள்ளிக்கிழமைப் படையலை நீர் ருசி பாத்தே படைக்கிறனீர்?" என்று மடக்கினேன்.

"சாமி வயித்துவலி எண்டு வந்து நிக்காது. சனம் நிக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வென்றது நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

அன்றே 'மலைத்தேன்' என்றொரு புது உறுப்பினர் கேட்டிருந்தார்: 'கொம்பியூட்டர் ஊர்கிறது. டி டிரைவில் குடும்பப் படங்கள் உண்டு. என்ன செய்யலாம்?' பெயரே இனித்தது. மிதந்தபடியே எழுதினேன்: 'டி டிரைவைப் போமற் செய்து முழுக்கத் துடையுங்கள். படங்களுக்கு ஒன்றும் ஆகாது. நானே செய்து பார்த்தேன்.'

மறுநாள் வேலை முடிந்து கந்தோரால் வந்தேன். எங்கள் கொம்பியூட்டருக்கு முன்னால் மங்களம். திரையில் 'போமற் செய்யவா?' என்ற கேள்வி. அவள் விரல் மவுசில்.

"ஐயோ! என்ன செய்யிறீர்?"

"எங்கடையும் ஊருதெல்லே. கண்டிப் பரமநாதன் எண்டு ஒரு பெரிய மனுசன் வழி சொல்லியிருக்கிறார்."

அந்த டி டிரைவில்தான் அவள் தங்கையின் கலியாணப் படங்கள். கலியாண நேரம் யுத்தத்தில் பாதை பூட்டு, யாழ்ப்பாணம் போக வழியில்லை. ஒரே தங்கையின் தாலிகட்டை இந்தத் திரையில்தான் பார்த்தாள். திரையைத் தடவித் தடவி அழுதாள். யார் யாரோ கைமாறிப் படங்களைக் கொண்டுவந்த சீடியும் பிறகு உடைந்துபோனது.

"வேண்டாமப்பா! எல்லாம் அழிஞ்சுபோம்!"

"நீங்களே செய்து பாத்தனீங்கள் எல்லே?"

"இல்லை! சத்தியமா இல்லை! சும்மா எழுதினது!"

"அப்ப அந்த மலைத்தேனின்ரை படங்கள்?"

அவர் வீட்டிலும் யாராவது ஒரு தங்கை இருப்பாளே! "விடும், விடும், உடனை எழுதி நிப்பாட்டுறன்!"

"பதறாதையுங்கோ. மலைத்தேன் இன்னும் போமற் செய்யேல்லை. உங்கடை கதிரையிலைதான் இருக்கிறா."

அலுமாரியிலிருந்து ஒரு புதுச் சீடியை எடுத்துக் காட்டினாள். "படமெல்லாம் காலமையே கொப்பி எடுத்திட்டன். நீங்கள் சொன்னதை ஆர் நம்புறது?"

பக்கத்தில் நின்று, நடந்ததெல்லாம் சொல்லிக் குழுவுக்கு ஒரு மன்னிப்பும் எழுதவைத்தாள். குழு நிர்வாகிகளுக்கு மலைத்தேனை மிகவும் பிடித்துப்போயிற்று. என் பதில்களைச் சோதித்து வெளியே விடும் பொறுப்பை அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

மூடுபனி இப்போதும் வருகிறது. நேற்று அதில் மிதந்தபடி ஒருவருக்கு 'வணக்கம்' என்று மட்டும் எழுதினேன். அது இன்னும் சோதனையில் இருக்கிறது.