பட்டன் ஏன் வெள்ளையாக இருக்கிறான் என்று கேட்ட தங்கைக்கு

ஸ்டோனி கோவ்,
நோவா ஸ்கோஷியா,
ஜூலை 9, செவ்வாய்.

என் அருமைத் தங்கை மிர்னாவுக்கு அண்ணன் லைமன் எழுதுவது. நானும் உன் நாய் பட்டனும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம் என்று எழுதித் தொடங்கத்தான் ஆசை. ஆனால் எங்கள் இருவருக்கும் சேர்த்து உள்ள கை கால்களில் ஒன்று போன வாரம் வரை சரியில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். ஹாமில்டனில் நீயும், மகன் கிரெய்க்கும், அவன் மனைவியும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். லிஃப்டில் ஏற உனக்கு இப்போது பயம் போயிருக்கும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று கேள்வி கேட்டிருந்தாய். தீயணைப்பு நிலைய மண்டபத்தில் எடுத்த போட்டோவில் கருப்பு நாய் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பது ஒன்று. நாய்க்கு நான் பூண்டு போட்டது உண்மையா என்பது இரண்டாவது. மிருக வைத்தியர் ஆபீசிலிருந்து உனக்கு ஏன் போன் வந்தது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பதில்தான்: நீ சொன்னபடி செய்தேன். ஏப்ரலில் வீட்டை விற்றுவிட்டுப் பட்டனை இங்கே இறக்கியபோது, மாடிக் குடியிருப்பில் நாய் வைக்க அனுமதி வாங்கும் வரைக்கும்தான் என்று சொல்லி, இரண்டு பக்கம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாய். அதில், "உண்ணிக்கும் தெள்ளுக்கும் வீட்டு வைத்தியம் மட்டும். ரசாயனம் ஒரு சொட்டுகூடக் கூடாது" என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். எழுதிக் கொடுத்த வழியை விட்டு ஒரு தெருகூடத் திரும்பியதில்லை.

மே மாதம் புல் முழங்கால் உயரம் வளர்ந்தவுடன் தொல்லை ஆரம்பித்தது. பட்டன் என்று பெயர் வைத்தார்களே தவிர, அவன் ஐம்பத்திரண்டு கிலோ. கம்பளி விரிப்பை நிமிர்த்தி நிறுத்தியது போன்ற உடம்பு. கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய் வந்தால் உண்ணிகள் பேருந்தில் ஏறுவதுபோல் வரிசையாக ஏறிக்கொள்கின்றன. முதல் நாள் பத்தொன்பது எடுத்தேன். அதற்குள் தெள்ளுப்பூச்சியும் சேர்ந்துகொண்டது. பின்கட்டுக் கொட்டகையில் குடியிருந்த ரக்கூன் குடும்பம் போகும்போது விட்டுப்போன சீதனம் என்று நினைக்கிறேன். எனக்கு இந்த வைத்தியம் எதுவும் தெரியாது. ஆகவே பக்கத்து வீட்டு ஓர்ஃபா மோஸ்மனைக் கேட்டேன். அங்கேதான் நான் செய்த முதல் தவறு. ஓர்ஃபாவிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் அன்றைக்கே முடியாது. தினமும் காலையில் கையில் ஏதாவது ஒரு பாட்டிலோடு பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தாள்.

முதலில் ஆப்பிள் வினிகர். பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து தெளித்தால் உண்ணி கிட்டே வராது என்றாள். தெளித்தேன். பட்டன் சொறிந்து சொறிந்து வால் பக்கம் புண்ணாக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. வினிகர் அங்கே பட்டதும் அவன் கிளம்பினான். அவனைக் கட்டியிருந்த தோட்டத்து பெஞ்சும் கூடவே கிளம்பியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர்ஃபா கொஞ்ச தூரம் போய் இறங்கிக்கொண்டாள். நாய் கடற்கரையில் அழுகிய பாசிக் குவியலில் புரண்டுகொண்டிருந்தபோது பிடித்தேன். வினிகர் வாசனை போய்விட்டது. அதைவிட மோசமானது வந்திருந்தது. அடுத்து எலுமிச்சையும் ரோஸ்மேரியும் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் குளிப்பாட்டினோம். இது நல்ல வாசனைதான், குறை சொல்ல மாட்டேன். அடுப்பில் வேகும் கோழியின் வாசனை. ஊரில் உள்ள மற்ற நாய்கள் இரண்டு நாள் என் வேலி ஓரம் மரியாதையாக உட்கார்ந்து காத்திருந்தன.

பூண்டு விஷயத்தில் நான் குற்றமற்றவன். சாப்பாட்டில் பூண்டு கலந்தால் ரத்தமே பூச்சிக்குக் கசந்துபோகும் என்று ஓர்ஃபா சொன்னதும், நல்ல ஹாடாக் மீனை வேகவைத்து நாலு பல் நசுக்கிப் போட்டுப் பட்டன் முன்னால் வைத்தது உண்மை. அவன் மோந்து பார்த்தான், என்னைப் பார்த்தான், தட்டை மூக்கால் தள்ளி என் காலடிக்கே அனுப்பினான். அன்று காலைதான் படகிலிருந்து இறங்கிய மீன். வீணாக்க மனமில்லாமல் நானே சாப்பிட்டேன். அதன் பிறகு வைத்தியரிடம் கேட்டபோது, பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தத்தையே கெடுத்துவிடும், ஒரு பல்கூடக் கொடுக்கக் கூடாது என்று பதில் வந்தது. ஆக இந்த வீட்டில் பூண்டு தின்றது நான் ஒருவன்தான். என்னை உண்ணி கடிக்கத்தான் செய்தது.

வீட்டுக்குள் குதித்த தெள்ளுக்கு, தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, மேலே ஒரு சின்ன விளக்கை எரியவிட்டுப் படுக்கச் சொன்னாள். வெளிச்சத்துக்குக் குதித்து வந்து தண்ணீரில் விழுந்துவிடுமாம். இது பலித்தது. காலையில் எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தொரு தெள்ளு, ஒரு விட்டில், என் பல்செட். நான் வழக்கமாகப் பல்செட்டைப் போட்டு வைக்கும் தட்டும் அந்தத் தட்டும் ஒரே ஜோடி. அன்று முழுக்கப் பேசும்போதெல்லாம் நுரை வந்தது. ஆனாலும் நாற்பத்தொன்று நாற்பத்தொன்றுதானே.

இப்போது அந்த வெள்ளை நிறத்துக்கு வருகிறேன். தீவனக் கடையில் ஒரு வெள்ளை மண் பொடி விற்கிறார்கள், மாவு மாதிரி மெல்லியதாக இருக்கும். பூச்சியின் மேல் பட்டால் அதன் உடம்பைக் கீறி உலர்த்திவிடுமாம். தரை விரிப்பில் கொஞ்சமாகத் தூவ வேண்டியதை ஓர்ஃபா நாயின் மேலேயே தூவினாள், இரண்டு பேரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டோம். நாய்க்கு நாங்கள் கட்டவில்லை என்பது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பட்டன் ஒரு தும்மல் தும்மிவிட்டு வேலியைத் தாண்டினான். அன்று ஞாயிறு, மண்டபத்தில் ஸ்ட்ராபெர்ரி விருந்து. உன் புருஷன் ஹார்வி இருந்த காலத்தில் வருடா வருடம் பட்டனை அங்கே கூட்டிப்போய்க் கேக் ஊட்டியிருக்கிறான். நாய் வழியை மறக்கவில்லை. நூற்றிருபது பேர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு திறந்தது. வெள்ளை வெளேரென்று கன்றுக்குட்டி அளவில் ஒன்று நடுக்கூடத்துக்கு வந்து நின்று, எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, உடம்பை உதறியது. போதகர் நன்றி சொல்லிப் பிரார்த்தனை பண்ணிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது முன்வரிசையில் யாரும் தெரியவில்லை. பழத்தின் மேல் சர்க்கரை தூவியிருக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் சாப்பிட்டும் விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, நலமாக இருக்கிறார்கள். உனக்குப் போட்டோ அனுப்பியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

சிரிப்பு இதோடு முடிந்தது, மிர்னா. அடுத்த வியாழக்கிழமை காலையில் கதவைத் திறந்து கூப்பிட்டேன், பட்டன் எழுந்திருக்கவில்லை. வாலை ஒரு தடவை தரையில் தட்டினான், அவ்வளவுதான். முன்னங்கால் ஒன்றை ஊன்ற முடியவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவி வாயருகே வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓர்ஃபாவைக் கூப்பிட்டேன். அவள் அன்று கையில் பாட்டில் எதுவும் இல்லாமல் வந்தாள். தோட்டத்து ஒற்றைச் சக்கர வண்டியில் அவனை உருட்டி ஏற்றி, டிரக்கின் பின்பக்கம் வரை தள்ளி, இரண்டு பேருமாகத் தூக்கினோம். எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் நூற்று நாற்பத்திரண்டு. எப்படித் தூக்கினோம் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. வழி முழுக்க அவள் பின்னால் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வைத்தியர் டாக்டர் நிக்கிள், என் பேருந்தில் மூன்றாவது சீட்டில் வந்த பெண்தான். இரண்டாம் வகுப்பில் என் சட்டையில் வாந்தி எடுத்தவள். ரத்தம் எடுத்துப் பார்த்தாள். உண்ணி கடித்துப் பரவும் மூட்டுக் காய்ச்சல். அப்புறம் கழுத்துப் பட்டையைக் கழற்றினாள். அதன் கீழே திராட்சை அளவுக்கு ஊதிய உண்ணி ஒன்று உட்கார்ந்திருந்தது. தினமும் தேடியவன் நான், பட்டைக்குக் கீழே மட்டும் பார்க்கவில்லை. இதனால்தான் வந்ததா என்று கேட்டேன்.

"இது இல்ல, மிஸ்டர் ஹர்ட்டில். இது வந்து ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருக்கும். காய்ச்சலக் குடுத்தது மூணு, நாலு மாசம் முன்னாடியே கடிச்சிருக்கணும்."

கணக்குப் பார்த்தால் அது உன் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், உன்னைக் குத்திக்காட்ட இல்லை. நான் வீட்டுத் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் என்னால்தான் என்று ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அப்படி உட்கார வேண்டாம்.

நாலு வாரத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறாள். அதற்கு மேல் மாதம் ஒரு உண்ணி மாத்திரையும் கொடுக்கச் சொன்னாள். உன் இரண்டு பக்கத்தைப் பற்றிச் சொன்னேன், அடியில் போட்ட கோட்டையும் சொன்னேன். அவள் அவன் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"சீப்பு போட்டு வாருங்க, தினம் விரல் விட்டுத் தேடுங்க, புல்ல வெட்டி விடுங்க. அந்த விளக்குத் தட்டு இருக்கட்டும். மிச்சத்த எல்லாம் சமையலுக்கு வச்சுக்கோங்க. உங்க தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க மாத்திரையக் குடுங்க."

கொடுத்தேன். மூன்றாம் நாள் பட்டன் எழுந்து, மேசையிலிருந்து ஓர்ஃபா கொண்டுவந்த ரொட்டியை முழுசாக எடுத்துக்கொண்டு வெளியே போனான். நொண்டிக்கொண்டுதான் போனான், ஆனால் போனான். ஓர்ஃபா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தின்னட்டும் விடு, லைமன். அவனுக்குன்னுதான் சுட்டேன்" என்றாள். உனக்குப் போன் வந்த காரணமும் வேறொன்றுமில்லை: அவன் பட்டையில் இன்னும் உன் எண்தான் இருக்கிறது.

ஆக, மூன்று கேள்விக்கும் பதில் ஆயிற்று. இப்போது என் பக்கத்து விண்ணப்பம். எனக்கு எழுபத்திரண்டு வயது. தினமும் மாலை ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து ஐம்பத்திரண்டு கிலோ நாயைக் காதிலிருந்து வால் வரை விரலால் தேடினால், எழுந்திருக்க எனக்கே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. சோபாவில் எனக்கு இடமில்லை. ஓர்ஃபா காலையில் வந்தால் மதியம் வரை போவதில்லை. ஆகவே அந்தக் குடியிருப்பு அனுமதியைச் சீக்கிரம் வாங்கி, பெரிய கூண்டோடு வந்து உன் நாயை அழைத்துப் போ. இதைக் கோபத்தில் எழுதவில்லை, நிதானமாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கிரெய்க்குக்கும் அவன் மனைவிக்கும் என் அன்பைச் சொல். உன் முழங்காலுக்கு நல்ல வெயிலும், உன் வீட்டுக்கு நல்ல அண்டை அயலும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
லைமன் ஹர்ட்டில்.

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு உன் போன் வந்ததால், திரும்பப் பிரித்து எழுதுகிறேன். அனுமதி கிடைத்துவிட்டது, சனிக்கிழமை வருகிறேன் என்றாய். சரி என்றேன். ஓர்ஃபா சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால் அப்படிச் சொன்னேன். பட்டனைக் கூட்டிப் போக அந்தச் சனிக்கிழமை சரிப்படாது. அதற்கடுத்த சனிக்கிழமையும் சரிப்படாது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கேன் அண்ணா, ஜன்னல்ல இருந்து கார் நிறுத்துற இடம் முழுசாத் தெரியுது" என்றாய். அதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கிழக்குப் பக்கத்து மாடி அறையிலிருந்து கடல் தெரியும், உனக்குத் தெரியாததில்லை. கட்டிலை இப்போதுதான் ஜன்னலோரம் நகர்த்தினேன். பட்டன் மேலே ஏறிப் படுத்து, தாங்குகிறதா என்று பார்த்துவிட்டான். மேலே எழுதிய விண்ணப்பத்தைப் படிக்க வேண்டாம். சனிக்கிழமை வா. கூண்டைக் கொண்டு வராதே, குளிர்கால உடுப்புகளைக் கொண்டு வா.