பிசிறு வென்ற லிங்கசாமி

பல்லடத்துக்கு அப்பால் காற்றாலைகள் கை சுழற்றிக் காவல் நிற்க, கோழிப்பண்ணைகள் இருமருங்கும் கொக்கரித்துக் கட்டியம் கூற, பனியன் கம்பெனிகள் வெட்டிக் கழித்த துண்டுத்துணியைப் பஞ்சாக்கி, அப்பஞ்சை மீண்டும் நூலாக்கி, மாண்ட துணிக்கு மறுபிறவி ஈயும் சிறு மில் ஒன்றின் தனிப்பெரும் அதிபதி, அரைக்கைச் சட்டை அணிந்த ஆண்மைக் குன்று, கிரீஸ் கமழும் கரத்தர், ஸ்பானர் துஞ்சும் சட்டைப்பையர், லிங்கசாமி என்னும் பெருந்தகை வாழ்க! அவர் புகழ் பாட ஆயிரம் நா வேண்டும். இருப்பது ஒன்று, அதிலும் பஞ்சுத்தூசி படிந்திருக்கிறது. ஆயினும் பாடுவோம்.

அவரிடம் ஒரு கார்டிங் மெஷின் இருந்தது. இருந்தது என்றால் போதாது, வீற்றிருந்தது. எங்கோ மூடப்பட்ட பெரிய மில்லிலிருந்து கிழப்பருவத்தில் வாங்கிவரப்பட்டு, தகரக் கொட்டகையின் நடுவே, முதுமை எய்திய பட்டத்து யானையென அது அரசு புரிந்தது. பஞ்சை அள்ளி உண்டு, பேருருளையில் பதிந்த எண்ணிலடங்காக் கம்பிப்பற்களால் சீவிச் சிக்கெடுத்து, கொசுவலையினும் மெல்லிய படலமாக முன்வாயிலில் விரித்து, அப்படலத்தைப் புனல் போன்ற சிறுதுளை ஒன்றின் வழியே இழுத்து, பெருவிரல் பருமனுள்ள வெண்கயிறாகத் திரட்டி, உயரமான கேன் ஒன்றில் சுருள் சுருளாக அடுக்குவது அதன் தொழில். அந்த வெண்கயிற்றை மில்லில் ஸ்லைவர் என்பார்கள். அது அறாமல் வந்தால்தான் பிறகு நூல் என்ற பேச்சே.

அறாமல் வரவில்லை. ஏனெனில் அக்கொட்டகையில் ஓர் அரக்கன் வாழ்ந்தான். பிசிறு என்பது அவன் பெயர். மூச்சுக்காற்றினும் எடை குறைந்தவன். பிடிக்கப் போனால் நழுவுபவன். வாளால் வெட்டுண்ணாதவன், திட்டினால் நாணாதவன். பஞ்சைச் சீவுகையில் புகையென எழுந்து, மெஷினின் மேல்மூடியில் அமர்ந்து, தன் சுற்றத்தாரை அழைத்து, கொழுத்துத் திரண்டு எலிக்குஞ்சு அளவானதும் ‘தொப்’பென்று படலத்தின் மேல் குதிப்பான். குதித்தவன் புனலில் போய் அடைப்பான். புனல் அடைத்தால் ஸ்லைவர் அறும். ஸ்லைவர் அறுந்தால், அந்த மெஷினை ஓட்டும் வெள்ளையம்மாள், சங்கரன்கோவில் சீமையிலிருந்து பிழைக்க வந்த வெண்கலக் குரலாள், கொட்டகை அதிர முழங்குவாள்:

“அறுந்துட்டு மொதலாளி!”

அம்முழக்கம் ஒருநாளில் எத்தனை முறை எழுந்தது என்பதை எண்ணியவர் இல்லை. பக்கத்துத் தோட்டத்து மயில்கள்கூட அதற்குப் பதில் அகவப் பழகியிருந்தன.

இந்நிலையில்தான், மார்கழிப் பனி படர்ந்த ஒரு காலையில், அருள்புரத்திலிருந்து வெண்ணிறக் காரேறி வந்திறங்கினார் கந்தவேல். லிங்கசாமியின் மனைவி ரங்காத்தாளுக்கு உடன்பிறந்த அண்ணன். வெளிநாட்டிலிருந்து புத்தம்புதிய கார்டிங் மெஷின் இறக்கி, அதன் முன் நின்று எடுத்த படத்தைக் கைப்பேசியின் முகப்பாகவே வைத்திருக்கும் செல்வர். லிங்கசாமியின் கொட்டகை நிற்கும் நிலத்தில் அவருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. அவர் மெஷினைச் சுற்றி வந்தார். அந்நேரம் பார்த்து அரக்கன் குதித்தான். வெள்ளையம்மாள் முழங்கினாள். மயில் அகவியது.

“மாப்ள, மனசுல எதும் வெச்சுக்காதீங்க” என்றார் கந்தவேல், மிகுந்த கனிவோடு. “இதை எடைக்குப் போட்றலாமுங்க. எனக்கு நூல் வெக்கக் குடோன் பத்தலை. இந்தக் கொட்டகை இருந்தாப் போதும்.”

“ஏனுங்க மச்சான், ஓடற மெஷினை எடைக்குப் போடறதாங்க?”

“ஓடறதுங்களா? நிக்கறதுக்கு நடுவுல கொஞ்சம் ஓடுதுங்க.”

பழுக்கக் காய்ச்சிய வேல் பாய்ந்ததென அச்சொல் லிங்கசாமியின் செவியில் பாய்ந்தது. அவர் நெஞ்சு நிமிர்ந்தது. தலையில் பனிக்காக அணிந்திருந்த மங்கி குல்லா ஒருமுறை நடுங்கியது. மெஷினின் மேல் கை வைத்து அவர் சூளுரைத்தார்:

“நாளைக்கு மத்தியானம் வாங்க மச்சான். உங்க கண்ணு முன்னால ஒரு கேன் நெறையற வரைக்கும் அறுகாம ஓட்டிக் காட்டறனுங்க. நடுவுல அறுந்துச்சுன்னா நானே எடைக்குப் போட்டுட்டு சாவியக் குடுத்தறன்.”

கந்தவேல் சிரித்துத் தலையசைத்துப் போனார். அந்த மெஷினை நம்பி வெள்ளையம்மாளின் குடும்பம் இருந்தது. மெஷின் பழுது பார்க்கும் கோவில்பட்டிப் பக்கத்து ஃபிட்டர் ஜெயபாண்டியின் குடும்பம் இருந்தது. பஞ்சு அள்ளிப்போடும் பீகார்க்காரர் இருவரின் ஊருக்குப் போகும் ரயில்கூட அதை நம்பித்தான் இருந்தது.

“என்ன மொதலாளி, பொசுக்குன்னு இப்படிச் சொல்லிட்டீக?” என்றார் ஜெயபாண்டி.

“சொல்லிப் போட்டனே ஜெயபாண்டி. இனி செஞ்சாகோணும்.”

போர் தொடங்கியது. முதல் நாள் ஆயுதம், தேங்காய் நாரால் ஆன நீண்ட பிரஷ். மேல்மூடியின் அடியில் அதைப் பொருத்தி, அரக்கன் அமரும் அரியணையையே துடைத்தெறிவது லிங்கசாமியின் வியூகம். பிரஷ் பிசிறைத் துடைத்தது உண்மை. ஆனால் துடைத்த வேகத்தில் தன் நாரையும் உதிர்த்தது. வெண்கயிற்றுக்குள் பழுப்பு நார் புகுந்து, ஸ்லைவர் பாதி பஞ்சாகவும் பாதி மிதியடியாகவும் வெளிப்பட்டது.

“தூக்கணாங்குருவிக்கு அனுப்பலாம் மொதலாளி, கூடு கட்டும்” என்றாள் வெள்ளையம்மாள். பிரஷ் களத்திலிருந்து அகற்றப்பட்டது.

மறுநாள் விடிந்ததும் இரண்டாம் ஆயுதம் வந்தது. அடுத்த தோட்டத்துக் கோழிப்பண்ணையில், சித்திரை வெயிலில் ஆயிரமாயிரம் கோழிகளின் உயிர் காக்கும் ராட்சத ஃபேன். மார்கழியில் அதற்கு வேலையில்லை. வாயுபகவானையே வாடகையின்றி அழைத்து வந்தவர்போல் லிங்கசாமி அதை மெஷினுக்கு நேரே நிறுத்தினார். பிசிறு மேலே அமரும் முன்பே ஊதிச் சன்னல் வழியே வெளியேற்றிவிடுவது திட்டம்.

“மொதலாளி, காத்து பஞ்சையும் சேத்துத் தூக்கிறாதா?” என்று ஜெயபாண்டி கேட்டு முடிப்பதற்குள் சுவிட்சு போடப்பட்டுவிட்டது.

அந்தக் கணத்தை எங்ஙனம் பாடுவது! பிசிறு பறந்தது, உடன் படலமும் பறந்தது, திறந்து கிடந்த மூட்டைகளின் பஞ்சும் பறந்தது. பல்லடம் வட்டாரம் அதுவரை கண்டிராத வெண்பனிப் புயலொன்று தகரக் கூரைக்கடியில் சுழன்றடித்தது. பீகார்க்காரர்கள் மூட்டைகளின் மேல் பாய்ந்து படுத்தனர். ஜெயபாண்டி தவழ்ந்து சென்று சுவிட்சை அடைந்தார். புயல் ஓய்ந்தபோது, கொட்டகையின் நடுவே ஓர் உருவம் நின்றது. கண்களிரண்டும் தெரிந்தன, மற்றதெல்லாம் வெண்மை.

யுத்தத்தில் தோற்ற மன்னர்கள் வடக்கிருந்து உயிர் நீத்ததாகச் சொல்வார்கள். லிங்கசாமி ஒரு பஞ்சு மூட்டையின் மேல் அமர்ந்தார். அது எத்திசை என்று பார்க்கும் நிலையில் அவர் இல்லை. அந்த மெஷினை வாங்கிய நாளில், அதன் பற்களிலிருந்த துருவைத் தம் கையாலேயே மாதக்கணக்கில் தேய்த்தெடுத்தவர் அவர்.

அப்போது வெள்ளையம்மாள் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியாமல், முந்தானையை வாயில் அழுத்தியபடி சிரித்தாள்.

“கோவிச்சுக்கிடாதீங்க மொதலாளி. சட்டையில ஒட்டுனது எல்லாம் உதுந்துட்டு. குல்லாவுல ஒட்டுனது மட்டும் அப்படியே நிக்கி. தலையில செம்மறியாட்டுக் குட்டி ஏறி உக்காந்த கணக்கா இருக்கு!”

லிங்கசாமி குல்லாவைக் கழற்றினார். உதறினார், போகவில்லை. தட்டினார், போகவில்லை. கம்பளி மயிர் ஒவ்வொன்றும் ஒரு பிசிறைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மறுத்தது. அவர் அதையே பார்த்தார். ஜெயபாண்டியும் அருகே வந்து பார்த்தார். இருவர் விழிகளும் மெஷினை நோக்கித் திரும்பின; மீண்டும் குல்லாவை நோக்கித் திரும்பின.

“ஜெயபாண்டி! ஒரு உருளை... படலத்துக்கு மேல, முட்டாம சுத்தற மாதிரி...”

“கம்பளியச் சுத்தி விட்டுருவோம் மொதலாளி! விழுகுற பயல அந்தரத்துலயே பிடிச்சிரும்லா!”

கொட்டகையின் மூலையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் குழாய் உருளையாயிற்று. இருமுனையிலும் பேரிங் ஏறியது. கீழுள்ள உருளையிலிருந்து சிறு பெல்ட் ஒன்றால் அதற்குச் சுழற்சி தந்தார் ஜெயபாண்டி. குல்லாவைக் கிழித்துச் சுற்றியதில், அது சுற்றிய இடத்தில் மட்டும் பிசிறு தப்பவில்லை. ஆனால் அந்தோ! மெஷினின் அகலமோ ஓர் ஆள் கைவிரித்த அளவு. குல்லாவோ ஒரு தலையளவு. மீதிக்குக் கம்பளி வேண்டும். நூலும் பனியனும் மலைபோல் கிடக்கும் அந்தச் சீமையில் கம்பளிக்கு எங்கே போவது? கந்தவேல் வரும் வேளையும் நெருங்கிக்கொண்டிருந்தது.

மில்லை ஒட்டியே லிங்கசாமியின் வீடு. அங்கே பீரோவின் மேல்தட்டில், அந்துருண்டை மணக்க, ஒரு கம்பளிச் சால்வை உறங்கியது. கழிவுப்பஞ்சு மில்காரர்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவில், மேடையில், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி, அவருக்குப் போர்த்தப்பட்டது. அவர் வாழ்வில் மேடையேறியது அந்த ஒருமுறைதான். அவர் அதைக் கையிலெடுத்ததும் ரங்காத்தாள் வழி மறித்தாள்.

“ஏனுங்க, உங்களுக்குன்னு நாலு பேரு முன்னால போத்துனது இது ஒண்ணுதானுங்க. அதையும் மெஷினுக்குச் சுத்தோணுமுங்களா?”

“எனக்குப் போத்துனதே அந்த மெஷினாலதான ரங்கா?”

அவள் சால்வையை வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். பிறகு, திருமணத்துக்கு முன் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மிதித்த அந்தக் கைகள் கத்தரிக்கோலை எடுத்தன. ஜரிகைக் கரையைத் தனியே வெட்டி ஒதுக்கினாள்.

“குழாய எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நீங்க சுத்துனா லொட லொடன்னு இருக்கும். நானே இழுத்துத் தெச்சுத் தர்றன். எங்கண்ணன் வந்து சிரிச்சுட்டுப் போறதுக்கா நாம இத்தன நாள் தூசி தின்னோம்?”

மத்தியானம் கந்தவேல் வந்தார். நாற்காலி போடப்பட்டது. காலிக் கேன் ஒன்று அரியணை ஏறும் இளவரசனென முன்னிறுத்தப்பட்டது. மேலே, செந்நிறச் சால்வை உடுத்திய உருளை, போர்க்கோலம் பூண்ட தளபதியெனக் காத்திருந்தது. ஜெயபாண்டி முருகனை நினைத்து சுவிட்சைப் போட்டார்.

பற்கள் சுழன்றன. படலம் விரிந்தது. வெண்கயிறு கேனுக்குள் வளைந்து வளைந்து இறங்கியது. அரக்கன் எழுந்தான், அமர இடம் தேடினான், சுழலும் கம்பளி அவனைத் தழுவிற்று. அவன் சுற்றத்தார் எழுந்தனர், அவர்களையும் தழுவிற்று. சிவந்த உருளை மெல்ல மெல்ல வெளுத்தது. கேனில் கால்பங்கு ஏறியது, பாதி ஏறியது, வெள்ளையம்மாள் முழங்குவதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தாள், ஆனால் முழங்க ஒன்றும் நேரவில்லை. கந்தவேல் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

விளிம்புக்கு ஒரு முழம் இருக்கையில் கரண்டு போயிற்று.

மெஷின் பெருமூச்செறிந்து நின்றது.

“நின்னு போச்சுங்களே மாப்ள” என்றார் கந்தவேல்.

லிங்கசாமி எழுந்தார். ஆயிரம் முரசம் அதிர்ந்தாற்போல் அவர் குரல் எழுந்தது: “நின்னுதுங்க மச்சான், அறுகலீங்க! நிக்கறது ஈபி ஆபீசு சமாச்சாரம். அறுகறதுதான் நம்ம சமாச்சாரம்!”

கந்தவேல் குனிந்து பார்த்தார். படலத்திலிருந்து புனல் வரை, புனலிலிருந்து கேன் வரை, மூச்சு விட்டால் அறுந்துவிடும் மென்மையோடு, ஆனால் அறாமல், அந்த வெண்கயிறு தொங்கியது. அவர் நேர்மையாளர். “செரி, அறுகலீங்க” என்றார்.

நின்ற மெஷின் மீண்டும் கிளம்பும் நொடிதான் ஸ்லைவருக்குக் கண்டம் என்பது அங்கிருந்த யாவருக்கும் தெரியும். கரண்டு வந்தது. ரங்காத்தாள் வாசற்படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். பீகார்க்காரர்களில் ஒருவர் ஏதோ மந்திரம் முணுமுணுத்தார். ஜெயபாண்டி சுவிட்சைப் போட்டார். கயிறு விறைத்தது, ஒருகணம் நூலளவு மெலிந்தது, லிங்கசாமியின் உயிரும் அவ்வளவே மெலிந்தது, பின் பருத்து, நெளிந்து, கேனுக்குள் இறங்கியது. விளிம்பைத் தொட்டது. வழிந்தது.

“நெறஞ்சிட்டு மொதலாளி!” என்று வெள்ளையம்மாள் முழங்கினாள். பழக்கமற்ற அச்சொல்லைக் கேட்ட மயில்கள் திகைத்து, பிறகு எல்லாம் ஒன்றாக அகவின.

கந்தவேல் எழுந்து வந்து உருளையைத் தொட்டுப் பார்த்தார். மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, சற்று ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“குடோனுக்கு வேற எடம் பாத்துக்கறனுங்க மாப்ள. ஆனா ஒண்ணு, ஆருகிட்டயும் சொல்லாதீங்க. நம்ம புது மெஷின்லயும் இந்தப் பிசிறுத் தொல்லை இருக்குதுங்க. ஜெயபாண்டிய ஒருநா அனுப்பி வெச்சீங்கன்னா...”

“அதுக்கென்னங்க மச்சான், நானே வர்றனுங்க. கம்பளி மட்டும் நீங்க பாத்துக்கோங்க.”

அவ்வாறு, அரக்கனைக் கம்பளியால் கட்டி, மாற்றார் வாயாலேயே வாழ்த்துப் பெற்று, நான்கு குடும்பங்களின் அடுப்பணையாது காத்து, அந்திச் செவ்வொளி தகரக் கூரைமீது பொன்முடி சூட்ட, காற்றாலைகள் கவரி வீச, மயிலினம் பல்லாண்டு இசைக்க, உச்சி முதல் உள்ளங்கால் வரை மீண்டும் படிந்த வெண்பஞ்சே வெற்றிமாலையாய்ப் பூண்டு, எட்டுத்திக்கும் தம்மை நோக்குகின்றன என்னும் பெருமித நடையோடு, மாவீரர் லிங்கசாமி தம் அரண்மனை வாயிலை அடைந்தார்.

ரங்காத்தாள் அவரை வாசலிலேயே நிறுத்தி, சட்டையை உதறிவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.