பரிதி சாருக்கு அப்பா போர்த்திய பொன்னாடை

திருத்துறைப்பூண்டிக்கு அருகில்,
மார்கழி மாதம், ஞாயிறு மாலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அரவிந்தன் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் எழில்மொழி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, மதிவதனி அக்கா, நான், இரண்டு ஆடுகள், சம்பாப் பயிர் எல்லோரும் நலம். பயிருக்கு மட்டும் கொஞ்சம் இலைச்சுருட்டுப் புழு. தை மாதம் உங்கள் கல்யாணத்துக்கு ஊர் வரும்வரை, சிங்கப்பூரில் நீங்களும் உங்கள் அறை நண்பர்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதாக எழுதச் சொன்னது அம்மா.

வாட்ஸ்ஆப் இருக்கும்போது இவள் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எனக்குக் கிடைக்கும் ஒரே கைபேசி அப்பாவுடையது. அதில் நான் எதை எழுதினாலும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி வாசித்து, கடைசியில் ஒரு கும்பிடு பொம்மையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார். இந்த விஷயம் அப்பாவைப் பற்றியது. ஆகவே நாளை திருச்சிக்குப் போய் விமானம் ஏறும் சிங்காரவேலு அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதம் கைக்கு வந்த அன்றே நீங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, அக்காவைக் கொச்சிக்கு அனுப்பும்படி சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அவர் கேட்கமாட்டார். நீங்கள் சொன்னால் மட்டும் "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். ஏன் அப்படி என்பது அம்மாவுக்கே விளங்கவில்லை.

அக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறாள் என்பது தெரியாது. எங்களுக்கும் புரட்டாசி வரை தெரியாது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் நின்று பயிற்சி செய்திருக்கிறாள், மோட்டார் சத்தத்தில் வெளியே கேட்காது என்று. ஒருநாள் நடுவில் கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது, அக்கா நிற்கவில்லை. அவள் மேல்சுரத்தில் "ஆ" என்று இழுத்தது நடவு வயல் வரைக்கும் போக, பெண்கள் நாற்றுமுடியைப் போட்டுவிட்டுப் பாம்பு கடித்துவிட்டதென்று ஓடிவந்தார்கள். முன்னால் ஓடிவந்தவர் அப்பா. அன்றுதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்: குழுவின் பெயர், பாடுவது பரோக் என்னும் பழைய ஐரோப்பிய இசை, மாசி மாதம் கொச்சியில் ஒரு மாதப் பயிற்சி, அதற்குத் தேர்வான இரண்டு பேரில் தானும் ஒருத்தி. இதற்காக அவள் இரண்டு வருடமாகக் காத்திருந்தாளாம். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டே, "என்ன பாட்டுன்னே தெரியாம எப்படி அனுப்புறது? மேடையில பாடுவல்ல, அப்ப வந்து கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

ஆக, நேற்று பல்கலைக்கழக அரங்கில் நடந்தது கச்சேரி இல்லை மாமா, தேர்வு. தேர்வாளர் அப்பா. அவருக்குப் பாடத்திட்டம் தெரியாது என்பதுதான் சிக்கல். எனவே பள்ளி நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, நான் படித்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பரோக் என்பது ஏறத்தாழ நம் தஞ்சாவூரில் நாயக்கர் ஆட்சி போய் மராட்டியர் ஆட்சி வந்த காலத்து இசை என்றேன். "அப்ப பழைய பாட்டுன்னு சொல்லு" என்றார். ஒரே பாட்டைப் பல துண்டுகளாகப் பாடுவார்கள், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே அமைதி வரும், அது முடிவு என்று நினைத்து அவசரப்பட்டுக் கை தட்டிவிடக் கூடாது, அது நாகரிகம் இல்லை என்றேன். அப்பா அதை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க வேண்டாம்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டுப் பிள்ளை மேடை ஏறினால் ஒருவர் இருவர் போவதில்லை. அப்பா வேன் பிடித்தார், அது நிறைந்ததும் இன்னொன்று பிடித்தார். முன் இருக்கையில் அப்பா, மடியில் ஒரு துணிக்கடைப் பை. என்ன பை என்று கேட்டதற்கு, "ஒனக்கெதுக்கு?" என்றார். திருவாரூர் தாண்டும்போது எழுந்து நின்று அறிவித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அங்க எவனும் கை தட்டக்கூடாது. தட்டுனா நமக்குத்தான் கேவலம். விசிலு கிசிலு அடிச்சா திரும்பி வர்றப்ப வேன்ல எடம் கெடையாது."

"தும்மல் வந்தா என்னங்க பண்றது?" என்றாள் அம்மா.

"அடக்கிக்க."

"ஒங்க கொறட்டையை யாரு அடக்குறது?"

வேனே சிரித்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார்.

பொங்கல் விடுமுறை நெருங்குவதால் மாணவர்கள் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். அரங்கில் பாதிக்குமேல் நம் ஆட்கள்தான். முன்வரிசையில் நான்கைந்து பேராசிரியர்கள். திரை விலகியதும் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லோரும் கருப்பு உடையில் நின்றார்கள். அம்மா, "நல்ல நாளும் அதுவுமா கருப்பா?" என்று முனகினாள். அப்பாவுக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. அப்பா வழித் தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் கருப்புச் சட்டைக் குடும்பம் அல்லவா. எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவது அம்மா ஒருத்திதான், அதுவும் அப்பா வயலுக்குப் போன பிறகு. "பாத்தியா, இது நம்ம கூட்டம்!" என்று என் முதுகில் தட்டினார். பிறகு பாட்டின் பொருளை அச்சடித்துக் கொடுத்த தாளை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். முதல் பாட்டு கடவுள் வாழ்த்து. இரண்டாவதும் கடவுள் வாழ்த்து. மூன்றாவதில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நான்காவதில் மறுபடி வாழ்த்துகிறார்கள். அப்பா தாளை வாங்கிப் பார்த்து, நான் ஏமாற்றவில்லை என்று உறுதி செய்துகொண்டு, "ஏண்டி, இதுக்கு எதுக்குக் கருப்புச் சட்டை?" என்றார்.

குழுவை நடத்துகிறவர் பரிதி சார். அவர் வந்து எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "இவரு பாட மாட்டாரா?" என்று கேட்டார், எங்களுடன் வந்திருந்த தவில் சாரங்கபாணி அண்ணன். மாட்டார், கையை மட்டும் ஆட்டுவார் என்றேன். "அப்ப இவருக்கு என்னதான் வேல?" அம்மா சட்டென்று சொன்னாள்: "நடவு நடுறப்ப எழிலோட அப்பா வரப்புல நின்னு கையை ஆட்டுவாருல்ல, அந்த வேலதான்." அப்பா கேட்காததுபோல் இருந்தார்.

இசை தொடங்கியது. மாமா, நான் புத்தகத்தில் படித்தது ஒன்று, காதில் விழுந்தது வேறு. முதலில் ஒரு குரல் தனியாகக் கிளம்பியது. அதே மெட்டை அடுத்த குரல் எடுத்தது, அதற்குள் முதல் குரல் வேறு எங்கோ போய்விட்டது, பிறகு மூன்றாவது, நான்காவது. தலைமடையில் திறந்த தண்ணீர் ஒரு வயலை நிரப்பிக்கொண்டே அடுத்த வயலுக்கு வழிவது போல இருந்தது. என் கையில் மயிர் கூச்செறிந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "நம்ம புள்ளதான் லேட்டா ஆரம்பிச்சிடுச்சு. பாரு, ஓடிப் புடிக்குது" என்றது. சாரங்கபாணி அண்ணனுக்குச் செல்லோ வாசிப்பவர்மேல் இரக்கம். "மத்தவங்கல்லாம் அப்பப்ப மூச்சு வாங்குறாங்க. அந்தப் பெரிய பிடிலுக்காரருக்கு மட்டும் ஓய்வே இல்லயே, ஒரு டீயாவது குடுக்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே தொடையில் தாளம் போட்டார். அவர் தொடையும் தவில் போலத்தான் ஒலிக்கும். முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். தன் தாளம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று அண்ணன் இன்னும் பலமாகப் போட்டார்.

பிறகு அக்காவின் தனிப்பாட்டு. மோட்டார் இல்லாமல் அவள் குரலைக் கேட்க நன்றாக இருந்தது. அம்மா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். அப்பா முன்னால் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கொள்முதல் நிலையத்தில் எடைமுள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பாட்டு உச்சிக்குப் போய் ஓர் இடத்தில் திடீரென்று நின்றது. அது முடிவு இல்லை, மாமா. மூச்சைப் பிடித்து நிற்கும் ஒரு மௌனம்; இசையை எழுதிய தாளிலேயே அப்படித்தான் இருக்கிறதாம். நம் ஆட்கள் யாரும் கை தட்டவில்லை. நான் பெருமையோடு பக்கத்தில் திரும்பினேன். அப்பா இருக்கையில் இல்லை.

அவர் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். பை காலி. கையில் பொன்னாடை, ஜரிகை போட்டது, மாம்பழ நிறம். மேடையில் மகள் நன்றாகப் பாடினால் முதல் மரியாதை வாத்தியாருக்கு என்பது அவர் கணக்கு. வாத்தியாரோ முதுகைக் காட்டி நிற்கிறார். எனவே அப்பா பின்னாலிருந்தே போர்த்தி, நழுவாமலிருக்க முன்பக்கம் இழுத்து ஒரு சுற்றும் சுற்றிவிட்டார். அடுத்த சுரத்துக்காகப் பரிதி சார் கையைத் தூக்கிய நொடி அது. ஒரு கை உள்ளே மாட்டிக்கொண்டது. இன்னொரு கை மேலே நின்றது. அக்கா சுரத்தை எடுத்துவிட்டாள். கை இறங்கும்வரை சுரத்தை விடக்கூடாது என்பது அவர்களுடைய பாலபாடம். கை இறங்கவில்லை. உள்ளே மாட்டிய கை வெளியே வர வழி தேடுகிறது, அப்பா அதைப் பிடித்துக் குலுக்குகிறார், அக்கா பாடுகிறாள், வயலின்கள் இழுக்கின்றன, செல்லோக்காரரின் நெற்றி வியர்க்கிறது, அக்காவின் முகம் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டது. சாரங்கபாணி அண்ணன் மட்டும், "அடடா, என்னா தம்மு!" என்றார். கடைசியில் அப்பா ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார், கை வெளியே வந்தது, சுரம் முடிந்தது.

"அப்பா, என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன், அழாத குறையாக.

"கை தட்டக்கூடாதுன்னுதான சொன்ன? பொன்னாடை போடக்கூடாதுன்னு சொன்னியா?"

புத்தகத்தில் அது இல்லைதான். எழுதியவருக்கு நம் ஊர் தெரியாது.

இதைவிடப் பெரியது கடைசியில் நடந்தது. கடைசிப் பாட்டில் "ஆமென்" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு அரைத்து, இடித்து, சலித்து, மலை உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முடிந்துவிட்டது. பரிதி சார் திரும்பி நின்று தலை குனிந்தார். ஒரு கை கூடத் தட்டவில்லை. இரண்டு வேன் ஆட்களும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இரண்டு பேராசிரியர்கள் கையைத் தூக்கி, பின்னால் திரும்பினார்கள். அப்பா முறைத்த முறைப்பில் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் தட்டலாம் என்று நான் அப்பாவின் காதில் சொன்னபோது, "சும்மா இரு, இன்னொரு துண்டு இருந்தாலும் இருக்கும்" என்றார். மேடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தாள்களை எடுத்துக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்க இறங்கிப் போனார்கள். அக்கா எங்கள் பக்கம் திரும்பாமலே இறங்கினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா நீட்டிய புளிச்சோற்றையும் வேண்டாம் என்றுவிட்டார். அப்பா புளிச்சோற்றை வேண்டாம் என்றால் விஷயம் பெரியது. அக்கா பின் இருக்கையில் என் தோளில் சாய்ந்து, "அப்பாவுக்குப் புடிக்கல எழிலு. முடிஞ்சுது. கொச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள். இன்று காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை, பாடவும் இல்லை. ஆடுகள்கூட மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தன.

ஆகவே மாமா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உடனே அப்பாவைக் கூப்பிடுங்கள். நான் எழுதினேன் என்று சொல்லாதீர்கள். அந்த இசை நல்ல இசை என்று சொல்லுங்கள். சிங்கப்பூரில் கேட்டதாகச் சொன்னால் நம்புவார். அக்கா அழகாகப் பாடினாள், மாமா. எனக்கு உறவு என்பதற்காகச் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மாவின் அன்பு. எல்லோர் சார்பிலும் என் வணக்கம்.

என்றும் உங்கள் அன்பு மருமகள்,
எழில்மொழி

பின்குறிப்பு (திங்கள் காலை, சிங்காரவேலு அண்ணன் வாசலில் நிற்பதால் அவசரமாக):

மாமா, தயவுசெய்து அப்பாவைக் கூப்பிட்டுவிடாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் கூப்பிடாதீர்கள். அவராகக் கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள்.

சற்று முன் பரிதி சார் வீடு தேடி வந்தார். அப்பா பதறிப்போய், "சார், நான் பண்ணுன கூத்துக்கு எம்பொண்ண நீக்கிடாதீங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு நாள் மௌனமும் அதற்குத்தானாம். பரிதி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இருபது வருஷமா நடத்துறேங்க. எங்க போனாலும் கடைசி சுரம் முடியறதுக்குள்ள படபடன்னு தட்டிடுவாங்க. உங்க ஊர்க்காரங்கதான் முடிஞ்ச பிறகும் அந்த அமைதியிலேயே உக்காந்திருந்தீங்க. இப்படி ஒரு ரசனையை நான் பாத்ததே இல்ல" என்றார். அப்பா என்னைப் பார்க்காமல், "நாங்க எப்பவுமே அப்படித்தாங்க" என்றார்.

அக்கா கொச்சிக்குப் போகிறாள். ஆனால் அப்பா அதோடு நிறுத்தவில்லை. "எம்பொண்ண நான் அனுப்புறேன் சார், எங்க மச்சான் கல்யாணத்துக்கு நீங்க வந்து பாடணும்" என்று கேட்க, சார் அந்த உருக்கத்தில் சரி என்றுவிட்டார். தை மாதம் உங்கள் கல்யாண வரவேற்புக்கு நீங்கள் ஆசைப்பட்டுச் சொல்லிவைத்த மெல்லிசைக் குழுவை அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டுக்கும், அதாவது பிரகதீஸ்வரி அத்தை வீட்டுக்கும், தகவல் போய்விட்டது. இப்போது நீங்கள் ஒருவர் வேண்டாம் என்றால் போதும், அக்காவின் கொச்சியும் போய்விடும். நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள் என்று அக்காவிடம் நான் உறுதி கொடுத்துவிட்டேன். அவள் இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள், நான்காவது தோசை.

பாட்டு முழுவதும் முடிந்த பிறகே பந்தி என்று அப்பா சமையல்காரரிடம் சொல்லிவிட்டார். ஆகவே மாமா, அன்றைக்கு மதியம் நீங்களும் அத்தையும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மேடை ஏறுங்கள்.